தராசில் ஏறாத மூட்டை

அவளை எல்லோரும் கால்கிலோ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் குள்ளம் என்பதால் வந்த பெயர் இல்லை. கால் கிலோ அரிசி குறைந்தால்கூட, வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும், மறுபடி முதல் பையிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள் என்பதால் வந்தது. மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் மற்ற வழிகாட்டிகள் கயிற்றையும் பனியையும் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். இவள் பருப்பைப் பற்றிப் பேசுவாள். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும், ஆனால் அவள் கூட்டிப்போன யாரும் மேலே ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கே போன மாதம் ஒரு டாக்டர் எதிரில் மூக்கு உடைந்தது.

புருஷனின் இடது முட்டியைக் காட்டத்தான் போயிருந்தார்கள். அவன் பதினாறு வருஷம் அதே மலையில் சுமை தூக்கியவன். முட்டி மடங்க மறுத்த பிறகு, கம்பெனியின் சாமான் கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, எவ்வளவு எடை தூக்குவீர்கள் என்று கேட்டார்.

"இருபது கிலோ," என்றான் அவன். "சட்டமே அவ்வளவுதான். அதுக்கு மேல தூக்க விடமாட்டாங்க."

"இருபதுக்கு இவ்வளவு தேயாதே," என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் யோசிக்கவில்லை, சிரித்தான். அவள்தான் யோசித்தாள். பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் விடை வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் யாருக்கும் தெரியாததல்ல. அதுதான் கொடுமை. சுமைகாரர்கள் ஒவ்வொருவராகத் தராசில் சுமையை வைப்பார்கள். முள் இருபதில் நிற்கும். தாளில் இருபது என்று விழும். கிடங்கு வாசலைத் தாண்டியதும், சுவரோரம் வைத்திருக்கும் துணி மூட்டையை எடுத்து முன்பக்கம் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆறு நாள் சாப்பாடு அது. வயிற்று மூட்டை என்று பெயர். கம்பெனி போடும் உணவுக் கணக்கில் மலையேற வருகிறவர்களும் வழிகாட்டியும் மட்டும்தான் ஆட்கள். சுமக்கிறவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கொண்டுவருவது காலங்காலமாக நடப்பது. அதைத் தராசில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கால் கிலோவுக்கு மல்லுக்கு நின்றவள், தலைக்கு ஐந்து கிலோவைப் பார்க்காமலேயே நான்கு வருஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் அவனும் அந்த மூட்டையைக் கட்டியிருக்கிறான். காலையில் சாப்பாட்டை மூட்டை கட்டிக் கையில் கொடுத்ததே அவள்தான்.

அடுத்த பயணம் ஆறு நாள். மலையேற வருகிறவர்கள் ஆறு பேர், வழிகாட்டி அவள், சுமைகாரர்கள் ஐந்து பேர். புறப்படுகிற காலையில் கிடங்கில் கூட்டமாக இருந்தது. தகரக் கொட்டகை, இரண்டு பக்கமும் மரத்தட்டுகள், கூடாரச் சுருள்கள், சின்ன கேஸ் சிலிண்டர்கள், எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்கள். வெளியே வண்டியில் ஆறு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முக்காலியில் புருஷன், நீட்டிய காலோடு, மடியில் எடைத்தாளோடு.

சுமைகாரர்களில் மூத்தவரை மொட்டையண்ணன் என்பார்கள். தலையில் அடர்த்தியாக முடி இருந்தது. எப்போதோ ஒரு தடவை மொட்டை போட்டதற்கு ஆயுள் தண்டனை. அவர் சுமையை வைத்தார், முள் இருபதில் நின்றது. அவர் எடுக்கக் குனிந்தபோது கால்கிலோ சுவரோரம் போய் அவருடைய மூட்டையைத் தூக்கிவந்து சுமையின் மேல் வைத்தாள்.

முள் ஏறியது.

"இருபத்தி நாலு கிலோ எண்ணூத்தம்பது," என்றாள். "எழுதுங்க."

"அது சுமை இல்லம்மா," என்றார் மொட்டையண்ணன். அவருக்கு நிஜமாகவே குழப்பம். "அது என் சாப்பாடு."

"உங்க முட்டிக்கு அது தெரியுமாண்ணே?"

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். மொட்டையண்ணன் சிரிக்கவில்லை. "அதுல அம்பது கிராம் புகையிலை," என்று மட்டும் முணுமுணுத்தார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் பேனா இருந்தது. அவன் தாளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். வேறு யார் அதைச் செய்திருந்தாலும் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும். இவன் செய்தது வலித்தது.

வாசலில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. கம்பெனி முதலாளி வந்தார். முதலாளி என்றால் வேற்று ஆள் இல்லை, அவளுடைய சித்தப்பா. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அப்பா போன பிறகு கம்பெனி சித்தப்பாவுக்கும், அப்பாவின் பிடிவாதம் இவளுக்கும் வந்து சேர்ந்தன.

"வண்டி காத்துக்கிட்டிருக்கு. என்ன இங்க பட்டிமன்றம்?"

அவள் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து இரும்புக் கதவிலேயே எழுதினாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு கிராம். ஆறு நாளைக்கு நான்கு கிலோ எண்ணூறு. கம்பெனிக் கணக்கில் ஏழு பேர், முப்பத்துமூன்று கிலோ அறுநூறு. கூடாரம், அடுப்பு, கயிறு எல்லாம் சேர்ந்து அறுபத்துநான்கு கிலோ. கூட்டினால் தொண்ணூற்றேழு சொச்சம். ஐந்து பேர், ஆளுக்கு இருபது, நூறு கிலோ. கச்சிதம்.

"பொருந்துதில்ல?" என்றார் சித்தப்பா.

"பொருந்தத்தான் செய்யும். பொருந்தற மாதிரி ஆளைக் குறைச்சு எழுதினா எல்லாம் பொருந்தும். மேலே நடக்கறது பன்னண்டு பேர் சித்தப்பா. பன்னண்டு பேருக்கு அம்பத்தேழு கிலோ அறுநூறு வேணும்."

"சரி, இன்னும் ஒருத்தனைப் போட்டுக்கோ. தொலையட்டும்." வண்டியில் இருந்தவர்கள் காதில் விழப் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"அவரும் சாப்பிடுவாரே. அவருக்கும் படுக்கை, போர்வைன்னு ரெண்டு கிலோ. ஆறு பேர் தூக்கினா நூத்திருபதுதான். சுமை நூத்தி இருபத்தெட்டு. இடிக்குது. ஏழு பேர் இருந்தாத்தான் நிக்கும். ஏழு பேருக்கு நூத்தி நாப்பது, சுமை நூத்தி முப்பத்தஞ்சு. நான் மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"நாளாக நாளாக சாப்பாடு குறையும்ல? சாப்பிடச் சாப்பிட சுமை இறங்குதுல்ல? அதையும் உன் கணக்குல போடு."

"இறங்கும். மூணாவது நாள் இறங்கும். செங்குத்தான ஏத்தம் முதல் நாள்தான். நீங்களும் தூக்கினவர்தானே, மறந்துட்டீங்களா?"

சித்தப்பா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வண்டியில் ஆறு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"இத பாரு. இவங்க யாராவது வாயைத் திறந்து கேட்டாங்களா? நம்ம சாப்பாடு நம்ம வயித்துலன்னு அவங்களுக்கு அதுல ஒரு பெருமை. நீ எதுக்கு நடுவுல? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு."

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். உண்மை, யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அவர்கள் மேலும் எரிச்சலாக வந்தது. ஆனால் கையெழுத்து அவளுடையது. வழிகாட்டியின் கையெழுத்து இல்லாத எடைத்தாளை மலையடிவாரக் காவல் சாவடியில் வாங்கமாட்டார்கள். இன்றைக்கு ஊரில் இருக்கும் ஒரே வழிகாட்டி அவள். சித்தப்பா மகன் இன்னொரு கூட்டத்தோடு மேலே இருந்தான். அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அவளிடம் இருந்த ஆயுதம்.

அவள் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சித்தப்பா மூச்சு விட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் பார்த்தார். ஆட்கள் ஏழு என்று அச்சடித்திருந்ததை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். நாள் ஆறை அடித்து மூன்றரை என்று எழுதியிருந்தாள்.

"இருக்கற சாப்பாடு முப்பத்துமூணு கிலோ அறுநூறு. பன்னண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது கிலோ அறுநூறு. மூணரை நாள் வரும்," என்றாள். "ஒன்றரை நாள் ஏறுவோம், ஒன்றரை நாள் இறங்குவோம். மிச்ச அரை நாள் மழைக்கு. அண்ணே, மூட்டையெல்லாம் இங்கேயே வெச்சிட்டு வாங்க. எல்லாருக்கும் ஒரே பானைதான்."

சித்தப்பா சிரித்துவிட்டார். "போ. மேலே போய் சிகரத்தைப் பாத்ததும் உன் வீறாப்பெல்லாம் கரைஞ்சிடும். அங்க உன் பருப்பு வேகாது."

ஐந்து மூட்டைகளும் கிடங்கின் மரத்தட்டில் வரிசையாக ஏறின. புருஷன் அவளைப் பார்க்காமல் சிலிண்டர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

வண்டியில் ஏறி முன்னால் நின்றுகொண்டு ஆறு பேரிடமும் அவளே சொல்லிவிட்டாள். சாப்பாடு மூன்றரை நாளைக்குத்தான் இருக்கிறது, சிகரம் கிடையாது, இஷ்டம் இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றாள். பெரிய கேமராவோடு வந்த ஒரு ஆள், இது ஏதோ ஆரம்பத்தில் சொல்லும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மட்டும் எடைத்தாளைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியா இருக்கும்மா," என்றார். "நீ சொன்ன மாதிரியே செய்வியா?"

"செய்வேன் டீச்சர்."

யாரும் இறங்கவில்லை. அவள் செய்யமாட்டாள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

முதல் நாள் மதியம் பன்னிரண்டு தட்டுகள் வைத்தாள். சுமைகாரர்கள் வழக்கப்படி ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார்கள். அவளே போய்க் கூட்டிவந்தாள். அவர்களுக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. மொட்டையண்ணன் தட்டை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் மலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். இரண்டாவது கரண்டி வேண்டுமா என்று கேட்டதற்கு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். அவள் கேட்காத மாதிரி போட்டுவிட்டாள், ஏனென்றால் எண்ணூறு கிராம் என்றால் எண்ணூறு கிராம்.

இரண்டாம் நாள் நடுப்பகலில் மரங்கள் முடிந்து வெட்டவெளி முகட்டுக்கு வந்தார்கள். எதிரே சிகரம், ஒரு பொட்டு மேகம் இல்லாமல். அப்படி ஒரு வானம் அந்தப் பருவத்திலேயே வாய்த்ததில்லை. யார் காலும் தளரவில்லை, யாருக்கும் தலைவலி இல்லை. சாப்பாட்டை முடித்துவிட்டு, கொக்கித் தராசில் மிச்சம் இருந்த பைகளைத் தொங்கவிட்டு எடை போட்டாள். பத்தொன்பது கிலோ இருநூறு. பன்னிரண்டு பேருக்குச் சரியாக இரண்டு நாள்.

"திரும்பறோம்," என்றாள்.

கேமராக்காரன் அவளையும் சிகரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க விளையாடறீங்க."

"நேத்தே சொன்னேன் சார்."

"அங்க பாருங்க, கை நீட்டினா எட்டற தூரம். எல்லாரும் பாதி பாதி சாப்பிடுவோம். ரெண்டு நாள் சாப்பாடு நாலு நாள் வரும். இது ஒரு கணக்கா?"

"யாருக்குப் பாதி?"

"எல்லாருக்கும்தான்."

"இருபது கிலோவோட ஏறுறவங்களுக்குமா?"

"அவங்க எப்படியாவது சமாளிச்சுக்குவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே," என்றான் அவன். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மொட்டையண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. கூடாரச் சுருள் ஒன்றை அவிழ்த்தார். உள்ளே அவருடைய வயிற்று மூட்டை இருந்தது. அடுத்த சுருளிலும் ஒன்று. கயிற்றுப் பைக்குள் ஒன்று. ஐந்தும் வந்துவிட்டிருந்தன.

"கிடங்குத் தட்டுல இருக்கறது வெறும் கோணிம்மா," என்றார். "செருப்பு மாத்தப் போறோம்னு திரும்பிப் போனோமே, அப்ப. உன் பேர் கெட்டுடக்கூடாதுன்னு எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். இருபத்தி நாலு கிலோ இருக்கு. இப்ப ஆறு நாளும் வரும்ல? நீ மேல கூட்டிட்டுப் போ. உனக்கும் நல்ல பேரு, எங்களுக்கும் மூணு நாள் கூலி போகாது."

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது, கூடவே ஆத்திரமும். நேற்று அந்தச் செங்குத்தில் அவள் கண் முன்னாலேயே இவர்கள் இருபத்தைந்து கிலோவோடு ஏறியிருக்கிறார்கள். அவளுக்காக. இப்போது மேலே போகலாம். சாப்பாடு இருக்கிறது, வானம் இருக்கிறது. ஆறாம் நாள் இறங்கிப் போனால் சித்தப்பா முதுகில் தட்டிக்கொடுப்பார், பாத்தியா, ஐந்து பேர் போதும்னு சொன்னேன்ல என்பார். அதன் பிறகு அந்தத் தராசைப் பற்றி யாராலும் வாயைத் திறக்க முடியாது. அவளாலும் முடியாது.

ஐந்து மூட்டைகளையும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல இருபத்தி நாலு கிலோ இருக்கு," என்று ஆறு பேரிடமும் சொன்னாள். "இவங்க தங்களுக்குன்னு கொண்டுவந்தது. சட்டப்படி இவங்க இதைத் தூக்கக் கூடாது. நீங்க ஆறு பேர், நான் ஒருத்தி, மொத்தம் ஏழு. ஏழு பேர் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு மூணரை கிலோகூட வராது. நாம தூக்கினா, சிகரத்துக்குப் போகலாம். நான் என் பங்கை இப்பவே எடுத்துக்கறேன்."

அவள் ஒரு மூட்டையைப் பிரித்து மூன்றரைக் கிலோவை அளந்து தன் பைக்குள் போட்டாள். பிறகு காத்திருந்தாள்.

தலைமையாசிரியை எழுந்து வந்து பையை நீட்டினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. மற்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பையே ஆறு கிலோ என்றார். இன்னொருவருக்குத் திடீரென்று முதுகு நினைவுக்கு வந்தது. கேமராக்காரன்தான் வெளிப்படையாகச் சொன்னான்.

"தூக்கறதுக்கு ஆள் இருக்குன்னுதானே பணம் கட்டினேன். உயரத்துல மூணரை கிலோங்கறது சாதாரணம் இல்லை, தெரியுமா? மூச்சு வாங்கும்."

மொட்டையண்ணன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் மூட்டையைப் பார்த்தார். பிறகு மறுபடி அவனை. அந்தக் கள்ளச் சிரிப்பு போய்விட்டிருந்தது. முப்பது வருஷமாகச் சுமந்த ஒன்றை அப்போதுதான் முதல் தடவையாகக் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி மூட்டையைத் தூக்கி எடை பார்த்தார்.

"இறங்கலாம்மா," என்றார்.

இறங்கும்போது அந்த மூட்டைகளை அவிழ்த்து, வேளைக்கு வேளை பானையில் கொட்டித் தாராளமாகச் சமைத்தார்கள். சாப்பாடு கூடுதலாக இருக்கும்போது கீழே சுமந்து வருவதற்கு அவள் என்ன பைத்தியமா.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிடங்கு வாசலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். கேமராக்காரன் சாவடியிலிருந்தே போன் போட்டுவிட்டிருந்தான். சித்தப்பா கத்தவில்லை. கத்தாமல் பேசும்போதுதான் அவர் பயங்கரமான ஆள்.

"இந்தப் பருவம் முழுக்க உனக்கு வேலை கிடையாது," என்றார். "கம்பெனிக் கயிறு, கம்பெனிப் பை எல்லாத்தையும் ஒழுங்கா எண்ணிக் கொண்டாந்து கொடுத்துடு. எண்ணறதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே."

"கொண்டாரேன். எண்ணிக்கை சரியா இருக்கும்," என்றாள்.

சுமைகாரர்களுக்கு மூன்று நாள் கூலி போனது. அவர்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது சித்தப்பா சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் அந்தத் தெருவைக் கடந்தாள்.

வீட்டில் புருஷன் ஒரு வாரம் சமாதானக் கொடி காட்டிக்கொண்டிருந்தான். பாத்திரம் தேய்த்தான், துணி மடித்தான். கடைசியில் அவனே ஆரம்பித்தான்.

"எழுதியிருந்தா எனக்கும் வேலை போயிருக்கும். ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காமதான் கேக்கற."

"டாக்டர் கேட்டப்ப இருபதுன்னு சொன்னீங்க," என்றாள் அவள். "உங்க முட்டியைப் பத்தி, உங்க வாயால. யாருக்குப் பயந்து? அங்க சித்தப்பாவும் இல்ல, தராசும் இல்ல."

அவன் மடித்து வைத்த துணியையே மறுபடி பிரித்து மடிக்க ஆரம்பித்தான்.

பத்தாம் நாள் காலை அவள் கயிற்றையும் பையையும் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். சித்தப்பா மகன் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஆறு நாள் பயணம் கிளம்பிக்கொண்டிருந்தான். சுமைகாரர்கள் நான்கு பேர், முதலில் மொட்டையண்ணன். கதவில் அவள் எழுதியிருந்த கணக்கை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். சித்தப்பா அவளைப் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினார்.

மொட்டையண்ணன் சுமையைத் தராசில் வைத்தார். இருபது. புருஷன் பேனாவைத் திறந்தான். மொட்டையண்ணன் சுமையை எடுக்கவில்லை. நேரே சுவரோரம் போய், தன் மூட்டையைத் தூக்கிவந்து சுமையின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கால்கிலோவுக்கே அது தெரியாது.

புருஷன் முள்ளைப் பார்த்தான். நீட்டிய காலை மெதுவாக இழுத்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முக்காலியை விட்டு எழுந்து நின்றான். எழுந்து நிற்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"இருபத்தி நாலு கிலோ எண்ணூறு," என்று உரக்கப் படித்துவிட்டு எழுதினான்.

"மாப்ளே, அதை அடிங்க," என்றார் சித்தப்பா.

"மையால எழுதிட்டேன் மாமா. எடையை அடிச்சா சாவடியில வேற தாள் கேப்பாங்க."

"வேற தாள்ல எழுதுங்க."

"எழுதறேன். அதுலயும் தராசு காட்டறதைத்தான் எழுதுவேன்." அவன் பேனாவை மூடவில்லை. "பதினாறு வருஷம் என்னுதை யாரும் எழுதலை. அடுத்த ஆள் வாங்க."

அடுத்த ஆள் வந்தான், மூட்டையோடு. இருபத்தைந்து கிலோ நூறு. மூன்றாவது ஆள் தயங்கி, முன்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் வைத்தான். நான்காவது ஆள் யோசிக்கவே இல்லை. நான்கு வரிகளும் தாளில் ஏறிவிட்டன. எந்தக் காவல் சாவடியும் அந்தத் தாளை உள்ளே விடாது. வெளியே வண்டிக்காரர் ஹாரனை அழுத்தினார்.

சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது, கால்கிலோ கையில் கயிற்றோடு நின்றிருந்தாள்.

"எல்லாம் உன் வேலைதானே? சொல்லு. இப்ப எத்தனை பேர் வேணுமாம் உன் கணக்குக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆறு," என்றார் மொட்டையண்ணன்.

எல்லோரும் திரும்பினார்கள். கூலி வாங்கும்போதே மற்றவனை எண்ணச் சொல்கிறவர் அவர்.

"நாலு நாளா தீக்குச்சி வெச்சுக் கணக்குப் போட்டேன்," என்றார். "அஞ்சு பேர்னா நாலு கிலோ உதைக்குது. ஆறு பேர்தான். நாங்க சாப்பிடறதையும் சேத்து."

கால்கிலோ மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். கூடாரமும் அடுப்பும் ஐம்பத்துநான்கு. ஐந்து பேர் தூக்கினால் மொத்தம் பத்துப் பேர், நாற்பத்தெட்டு கிலோ சாப்பாடு, இரண்டு கிலோ போர்வை, நூற்றிநான்கு. தூக்க முடிந்தது நூறு. நான்கு கிலோ உதைத்தது. ஆறு பேர் வைத்தால் நின்றது.

"சரிதான்," என்றாள். அவள் பங்குக்குச் சொல்ல வேறு எதுவும் இருக்கவில்லை.

சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அந்த இரண்டு பேரும் வந்து சேரும்வரை நான்கு பேரும் தங்கள் மூட்டைகளைத் தொடவில்லை.